சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலை அரங்கத்துல குட்டி குட்டி பாலே பாத்தோம், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தெம்பனிஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதை எழுதணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு, இன்னைக்குத்தான் பிள்ளைங்க தூங்கினதுக்கப்புறம் உக்காந்தேன். நாங்க குடும்பமா எஸ்பிளனேடுக்குப் போறதுன்னா நவம்பர்ல கலா உத்சவம்ங்கற இந்தியக் கலை விழாவுக்குத்தான், மத்த நாள்ல டுரியான் பழம் மாதிரி இருக்கற அந்தக் கூரையை பஸ்ஸுலேர்ந்து பாக்கறதோட சரி. மூத்தவளுக்கு 11 வயசு, அஞ்சு வருஷமா பாலே கத்துக்கறா. இங்கேயே இருக்கற நடன அமைப்பாளர்கள் செஞ்ச கன்டெம்பரரி பாலே, அதாவது இந்தக் காலத்துப் பாணி, ஒவ்வொண்ணும் பதினஞ்சு இருபது நிமிஷம், மொத்தம் நாலு, ஒரே ராத்திரியில போடறாங்கன்னு வந்து நின்னா. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், அதனால அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அத்தைக்கு 74. முழங்கால் வலி. எம்ஆர்டி டிரெயின்ல வரும்போதே கேட்டாங்க, "என்னம்மா கதை, புராணமா?" கதை இல்ல அத்தை, சும்மா ஆடுவாங்கன்னேன். "கதை இல்லாம எதுக்கு ஆடறாங்க"ன்னு அதோட விட்டுட்டாங்க.

பெரிய அரங்கம் இல்ல, தியேட்டர் ஸ்டூடியோ, 220 பேர்தான் உக்கார முடியும். எங்களுக்கு ரெண்டாவது வரிசை. இதைச் சொல்லியே ஆகணும், பக்கத்துல உக்காந்து பாலே பாக்கறது வேற மாதிரி. தூரத்துல பாத்தா அவங்க சத்தமே இல்லாம மிதக்கற மாதிரி இருக்கும், இங்க மூச்சு வாங்கறது கேக்குது, ஷூ முனை தரையில படற டக் டக் கேக்குது, ஒரு பையன் சுத்தி நிக்கும்போது தாடையிலேர்ந்து வேர்வை ஒரு சொட்டு கருப்புத் தரையில விழுந்துச்சு, அடுத்து அந்த எடத்துக்கு வந்த பொண்ணு வழுக்கிடக் கூடாதேன்னு எனக்கு பதறிருச்சு.

முதல் ஐட்டம் அஞ்சு பொண்ணுங்க, வேகம், சுத்தம், ஆனா மனசுல ஒட்டல. ரெண்டாவது எட்டு பேர் நெருக்கியடிச்சு நின்னு எல்லாரும் ஒரே நேரத்துல லேசா முன்னால சாஞ்சு பின்னால வந்தாங்க பாருங்க, மகள் என் காதுல "அம்மா, டிரெயின் பிரேக் போடுது"ன்னா. அதுக்கு யாரும் விளக்கம் சொல்லல. காலைல கெழக்கு மேற்கு லைன்ல நிக்கற எங்களுக்கு அது எப்படித் தெரியாம போகும்?

மூணாவதுதான் நான் சொல்ல வந்தது. ரெண்டே பேர், ஆணும் பெண்ணும். ஷூ இல்ல, வெறும் சாக்ஸ். அந்த ஆள் தரையில தளர்ந்து கெடக்கறார், அந்தப் பொண்ணு குனிஞ்சு எடது கையை அவர் பிடரிக்குக் கீழ விட்டு, வலது கையை முழங்காலுக்கு அடியில குடுத்து, உடனே தூக்காம ஒரு மூச்சு காத்திருந்து, அப்புறம் தூக்குது. அவர் மறுபடி சரியறார். மறுபடி அதே மாதிரி. ஏழெட்டுத் தடவை இருக்கும், ஒவ்வொரு தடவையும் அந்தக் காத்திருப்பு கொஞ்சம் கொஞ்சமா நீளுது. பாட்டு கூட இல்ல, ஒரு செல்லோ ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அத்தை என் கையைப் பிடிச்சாங்க. திரும்பிப் பாத்தா கண்ணு முழுக்க தண்ணி. "மாமாவை இப்படித்தான் தூக்குவேன்"னாங்க. மாமா ஸ்ட்ரோக் வந்து கடைசி ஒன்றரை வருஷம் படுக்கையில இருந்தாங்க, நாங்க அப்ப வேற வீடு, பகல்ல நான் ஓபிஸ், அத்தைதான் ஒண்டியா பாத்தாங்க. அந்த ஒன்றரை வருஷத்தைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை எங்ககிட்ட பேசினதில்ல. நாலாவது ஐட்டம் என்ன ஆடினாங்கன்னே எனக்குத் தெரியாது, அவங்க கையை விடவே இல்ல.

முடிஞ்சு வெளிய வந்தா நடன அமைப்பாளருங்க நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. அத்தை நேரா அந்த மூணாவது ஐட்டம் செஞ்சவர்கிட்ட போய்ட்டாங்க. அவர் மலாய்க்காரர், இளவயசு. அத்தைக்கு அந்தக் காலத்து பசார் மலாய், சந்தையில பேசற மலாய், நல்லா வரும். வீட்டுக்காரரை இப்படித் தூக்கியிருக்கேன்னு சொன்னதும் அவர் "நான் அதை நெனச்சு செய்யலையே மக்சிக்"னார் (மலாய்ல பெரியம்மா மாதிரி), ஒத்திகையில ஒரு டான்சருக்கு கணுக்கால் பிசகி மத்தவங்க தூக்கிக்கிட்டுப் போனதைப் பாத்துதான் ஆரம்பிச்சேன்னார். அத்தை விடல. "இல்லப்பா, கை வச்சது கொஞ்சம் தப்பு"ன்னாங்க. அவர் ஒரு நிமிஷம் அசந்துட்டார், அப்புறம் எப்படின்னு காட்டுங்கன்னார்.

கைப்பையை என்கிட்ட குடுத்துட்டு, அத்தை என் மகளை அங்க இருந்த பெஞ்சுல படுக்க வச்சாங்க. உள்ளங்கை கீழ பாத்த மாதிரி முதல்ல மெத்தையை அழுத்தி உள்ள விடணும், விட்டதுக்கப்புறம்தான் கையைத் திருப்பணும், நேரா நுழைச்சா தோல் இழுபடும், படுக்கைப்புண்ணு இருந்தா உயிர் போயிரும். ஆஸ்பத்திரியில பிசியோ சொல்லிக் குடுத்ததாம். அவர் கீழ உக்காந்து அந்த மணிக்கட்டு திரும்பறதையே பாத்தார். ரெண்டு தடவை அவரும் செஞ்சு பாத்தார், மூணாவது தடவைதான் அத்தை "ஆங், அது"ன்னாங்க. அவர் பக்கத்துல இருந்த அந்த டான்சர் பொண்ணு, மேக்கப் கூட கலைக்கல, அதுவும் செஞ்சு பாத்துச்சு.

நட்கிராக்கர், சுவான் லேக் மாதிரி பேர் போன பழைய பாலே எல்லாம் நானும் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கேன், அழகுதான். ஆனா செஞ்ச ஆள் வாசல்ல நிப்பார், நம்ம அத்தை போய் கை வச்சது தப்புன்னு அவர்கிட்ட சொல்ல முடியும், இது உள்ளூர் ஆளுங்க செய்யற ஷோவுலதான் நடக்கும். இதுக்கு நம்ம ஆளுங்க வரதே இல்லைங்கறதுதான் என் வருத்தம், அன்னைக்கு எண்ணிப் பாத்தா எங்களையும் சேத்து ஏழு பேர் இருந்திருப்போம். உங்களுக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்தா எழுதுங்க.

யீஷூன் அண்ணன்:

படிச்சு முடிக்கறப்ப எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்க. நான் பாலே பாக்க ஆரம்பிச்சது ஃபோர்ட் கேனிங் புல்வெளியில, 1995ல பாலே அண்டர் த ஸ்டார்ஸ் தொடங்கினப்ப, பாய் விரிச்சு, சம்சாரம் கட்டிக்குடுத்த எலுமிச்சை சாதத்தோட. ஒரு தடவை பாதியில மழை கொட்டி எல்லாரும் பாயைத் தலையில பிடிச்சுக்கிட்டு நின்னோம், யாரும் கெளம்பல, மழை விட்டதும் ஆளுங்க வந்து மேடையைத் தொடைச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க.

உள்ளூர் ஆளுங்கன்னு சொன்னீங்களே, நடன அமைப்பாளர் கோ சூ சான் பத்தி பிள்ளைக்குச் சொல்லுங்க. இங்க பொறந்தவர், சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துல பயோகெமிஸ்ட்ரி படிச்சு முடிச்சுட்டு ஐரோப்பாவுக்கு ஆடப் போனார், அப்புறம் வாஷிங்டன் பாலேவுக்கு. 1981ல பரிஷ்னிகோவுக்காகவே ஒரு பாலே செஞ்சு குடுத்தார், அந்தக் காலத்துல ஆண் டான்சர்னா உலகத்துக்கே பரிஷ்னிகோவ்தான். 1987ல தவறிட்டார், 39 வயசுதான். அடுத்த வருஷம் அவர் அக்கா கோ சூ கிம்மும் ஆன்டனி தென்னும் சேந்து ஏழே ஏழு டான்சரை வச்சு சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டரை ஆரம்பிச்சாங்க, அதுதான் 2021லேர்ந்து சிங்கப்பூர் பாலேங்கற பேர்ல இருக்கு. நாம இப்ப நாலு குட்டி பாலே பாக்கறோம்னா அந்த ஏழு பேர்லேர்ந்து வந்தது.

சிராங்கூன் டான்ஸ் டீச்சர்:

நான் பரதம் சொல்லித் தரேன். "கதை இல்லாம எதுக்கு ஆடறாங்க"ன்னு அத்தை கேட்டது நல்ல கேள்வி, நம்ம அலாரிப்பும் ஜதிஸ்வரமும் கதை இல்லாததுதானே, தெரிஞ்சவங்களே கேக்கறாங்க. என் பசங்களை வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த மாதிரி ஷோவுக்கு அனுப்புவேன். அவங்க பிளியே, அதாவது முட்டியை மடக்கி இறங்கறது, பண்ணும்போது நம்ம அரைமண்டி மாதிரியேதான் முட்டி வெளிப்பக்கம் விரியும், ஆனா நாம அங்கேயே உக்காந்து தரையைத் தட்டறோம், அவங்களுக்கு அது மேல கெளம்பறதுக்கு ஒரு அழுத்தம். கன்டெம்பரரியில அவங்களும் தரைக்கு வராங்க, உருளறாங்க, படுக்கறாங்க, அதனாலதான் அத்தைக்கு அந்த டூயட்ல வீட்டுக் கட்டில் தெரிஞ்சிருக்கு.

நம்ம ஆளுங்க வரலைன்னு சொன்னீங்க, சரிதான், ஆனா இந்த ஊர்ல மத்த இனத்து கதையை நம்ம உடம்புல எடுத்துக்கிட்டது புதுசு இல்ல. சாந்தா பாஸ்கர் அம்மா கேரளாவுலேர்ந்து 1955ல வந்து, மூணே வருஷத்துல, 1958ல, சீனங்க பட்டாம்பூச்சிக் காதலர் கதையை பரதத்துல போட்டாங்க. 2022ல அவங்க தவறினப்ப எங்க கிளாஸ்ல அன்னைக்கு யாரும் சலங்கை கட்டல.

ஒண்ணு கேக்கணும், உங்க பொண்ணுக்கு நம்ம நிறத்துல ஷூ, டைட்ஸ் கெடைக்குதா? என் மாணவி ஒருத்தி இதுக்காகவே பாலேவை விட்டுட்டா.

பேக்ஸ்டேஜ் தம்பி:

நான் லைட்டிங் குரூல வேலை செய்யறேன், இந்த ஷோ இல்ல, வேற ஷோங்க. அக்கா எழுதின வேர்வை சொட்டுக்கு பதில் சொல்றேன், பதறாதீங்க, ஒவ்வொரு ஐட்டம் முடிஞ்சதும் இருட்டுலயே நாங்க மாப் போடுவோம். தரையில விரிச்சிருக்கற கருப்பு ஷீட்டுக்கு "மார்லி"ன்னு பேரு, ஓரத்துல டேப் கொஞ்சம் தூக்கிக்கிட்டா கூட ஷோ ஆரம்பிக்க விடமாட்டாங்க.

அப்புறம் டான்ஸுக்கு லைட்டு பெரும்பாலும் பக்கத்துலேர்ந்துதான் வரும், ரெண்டு பக்கமும் கம்பி நட்டு தலை உயரம், இடுப்பு உயரம், கீழ காலெலும்பு உயரம். கீழ இருக்கறதை ஷின்னுன்னுதான் கூப்பிடுவோம், இருட்டுல ஓடி வர டான்சர் அதுல முழங்காலுக்குக் கீழ இடிச்சுக்குவாங்க. அது மட்டும் எரிஞ்சா தரையில வெளிச்சம் விழாது, ஆள் மட்டும் தெரியும், அதான் மிதக்கற மாதிரி இருக்கறது. நாலு நடனம், நாலு பேரோட லைட் டிசைன், ஒரே கம்பி, கலர் மாத்தி மாத்திப் போடறதுக்குள்ள எங்களுக்கும் வேர்த்துரும்.

தெம்பனிஸ் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, கோ சூ சான் கதையை நேத்து சாப்பாட்டு நேரத்துல சொன்னேன், பயோகெமிஸ்ட்ரி படிச்சவர்னதும் வீட்டுக்காரர் நிமிந்து பாத்தார்.

டீச்சர், ஷூ விஷயம் எனக்கும் ரணம்தான். இவ முன்னாடி போன எடத்துல, பேர் வேணாம், உடம்பு நிறத்துல டைட்ஸ் போட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க, அவ தன் நிறத்துல பிரவுன்ல போட்டுக்கிட்டுப் போனா, போய் மாத்திக்கிட்டு வான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. உடம்பு நிறம்னா அவங்களுக்கு பிங்க். ராத்திரி முழுக்க தேம்பினா. அடுத்த மாசமே எடத்தை மாத்திட்டோம், இப்ப இருக்கற டீச்சர் தங்கம். லண்டன்ல ஃப்ரீட்னு ஒரு கம்பெனி 2018லதான் பிரவுன்லயும் வெண்கல நிறத்துலயும் பாயின்ட் ஷூ, விரல் நுனியில நின்னு ஆடற ஷூ, போட்டாங்க, அது வரைக்கும் கருப்பு டான்சருங்க நெறைய பேர் பிங்க் ஷூவுல பவுண்டேஷன் பூசித்தான் ஆடியிருக்காங்க. இவளுக்கு பாயின்ட் ஷூ வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்னாங்க, இப்ப போடற கேன்வாஸ் ஷூவுல நாங்களும் அதேதான் செய்யறோம், ஞாயித்துக்கிழமை பேப்பர் விரிச்சு, ஸ்பாஞ்சுல தொட்டு தொட்டு, மடிப்புக்குள்ள எல்லாம் போகணும், காஞ்சதும் ரெண்டாவது பூச்சு. நிறம் சரியா இருக்கான்னு அவ கையை பக்கத்துல வச்சுப் பாப்பா. மேடையில அந்த எட்டு பேர்ல ரெண்டு பேர் அவங்கவங்க நிறத்துலேயே ஷூ போட்டிருந்தாங்க, இவ முதல்ல கவனிச்சதே அதைத்தான்.

இன்னொண்ணு, 2025ல 18 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிங்கப்பூரர் எல்லாருக்கும் கல்ச்சர் பாஸ்னு 100 வெள்ளி குடுத்திருக்காங்களே, 2028 கடைசி வரைக்கும் செல்லும், உள்ளூர் கலை நிகழ்ச்சிக்குத்தான் செலவழிக்க முடியும், நெறைய பேர் தொடாமலே வச்சிருக்கீங்க. அத்தையோடது அப்படியே இருக்கு. அடுத்து ஏதாவது வந்தா அதுல போடுன்னுட்டாங்க, முன் வரிசையாம், ஓரத்து சீட்டாம், காலை நீட்டிக்க. அந்தப் பையன் கையைச் சரியா வைக்கிறானான்னு பாக்கணுமாம்.