பயோகாஸ் லைனில் எலெக்ட்ரோனிக் மீற்றர்: செற்றிங்கில் கண்ட பிழைகளும் திருத்தமும்

(யாழ் குடாநாட்டில் மீற்றர் பார்க்கிற மூன்று பேர் சொன்னது. பேருக்குப் பதிலாய் அவையின்ர ஊர் போட்டிருக்கு.)

கோண்டாவில்:
எங்கட பக்கம் குழாய்வழி இயற்கை எரிவாயு இல்லை. கைக்கு வாற மீற்றர்கள் பெரும்பாலும் மாட்டுப் பண்ணை பயோகாஸ் லைனில் பூட்டினவைதான். "குறைச்சுக் காட்டுது" என்று முறைப்பாடு வந்தவுடன் கே-ஃபக்டரை (சென்சரின் சமிக்ஞையைக் கன அளவாய் மாத்துற எண்) கூட்டி விடுகினம். தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. அது தொழிற்சாலையில் அளவுதிருத்தம் செய்து எழுதின இலக்கம். அதை மாத்தினால் உண்மையான பிழை அதுக்குப் பின்னால் ஒளிஞ்சுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படை வெப்பநிலை, அதாவது காஸின் கன அளவை எந்த வெப்பநிலைக்கு மாத்திக் காட்டுறது என்ற செற்றிங். சில மீற்றரில் 0 பாகை செல்சியஸ், சிலதில் 15, சிலதில் 20 என்று இருக்கும். அதே காஸை 0 பாகைக்குக் கணக்கிட்ட மீற்றரை விட 15 பாகை மீற்றர் 5.5 வீதமும், 20 பாகை மீற்றர் 7.3 வீதமும் கூடக் காட்டும். இரண்டு மீற்றர் ஒத்துவரவில்லை என்ற சண்டையில் பாதி இதோட தீரும்.

அடுத்தது அமுக்கம். டைஜெஸ்டரில் (சாணி நொதிச்சுக் காஸ் வாற தொட்டி) 20 சென்ரிமீற்றர் நீர் அமுக்கம் என்றால் ஏறக்குறைய 2 கிலோபஸ்கால். அது கேஜ் அமுக்கம், வளிமண்டலத்துக்கு மேலால உள்ளது மட்டும். தனி அமுக்கம் (வளிமண்டலத்தையும் சேர்த்த மொத்தம்) கேட்கிற இடத்தில் 2 என்று போட்டால் கணக்கே குலைஞ்சு போகும். குடாநாடு கடல் மட்டத்துக்குக் கிட்ட என்றபடியால் வளிமண்டலத்துக்கு 101.3 போட்டு, மொத்தம் 103.3 என்று குடுங்கோ.

சாவகச்சேரி:
அண்ணை சொன்னதோட ஈரத்தையும் சேர்க்க வேணும். டைஜெஸ்டரால வாற காஸ் நீராவியால் நிரம்பினது. 35 பாகையில் நீராவி மட்டும் 5.6 கிலோபஸ்கால். லைனில் அந்த 35 பாகையிலும் 103.3 கிலோபஸ்காலிலும் 10 கன மீற்றர் ஓடினால், 15 பாகைக்கும் 101.325 கிலோபஸ்காலுக்கும் மாத்தும்போது 9.53 வரும். நீராவியைக் கழிச்சால் உலர் காஸ் 9.02 தான். எஞ்சின் எரிக்கிற மீதேன் இந்த 9.02 க்குள்ளதான் இருக்கு. ஜெனரேற்றர் எரிவைக் கணக்குப் பார்க்கிற ஆக்கள் எந்த இலக்கத்தை எடுக்கினம் என்று கேட்டுப் போட்டுத்தான் பேசுங்கோ.

தேர்மல் வகை மீற்றருக்கு (சூடான சென்சரைக் காஸ் குளிராக்கிற அளவால ஓட்டத்தை அளக்கிறது) இன்னும் இரண்டு விசயம். காஸ் தெரிவில் காற்று என்று இருந்தால் வாசிப்பு பிழை. மீதேன், காபனீரொட்சைட்டு வீதத்தை அளந்து போட வேணும். 60க்கு 40 என்று கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது, தீவனம் மாறினால் அதுவும் மாறும். மற்றது குழாயின் உள்விட்டம். 63 மி.மீ. பி.வி.சி. குழாய் என்றால் 63 வெளிவிட்டம். சுவர் 3 மி.மீ. என்றால் உள்ளே 57 தான். 63 என்று பதிஞ்சால் 22 வீதம் கூடக் காட்டும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோட போகுது. வேர்ணியரால அளந்து போடுங்கோ.

ஸீரோ எடுக்கிறபோது (ஓட்டம் இல்லாத நிலையைப் பூச்சியமாய்ப் பதியிறபோது) குழாயில் அதே காஸ், அதே அமுக்கம் இருக்க வேணும். இரண்டு பக்க வால்வையும் பூட்டி ஓட்டம் நிண்ட பிறகு எடுக்க வேணும். திறந்த காற்றில் எடுத்த ஸீரோ சரிவராது. வாசிப்பு திடீரென்று உச்சத்துக்குப் பாய்ஞ்சு திரும்பினால் செற்றிங்கைத் தேடாதேங்கோ. சென்சரில் தண்ணித் துளி பட்டிருக்கு. குழாயைச் சரிச்சு, மீற்றருக்கு முன்னால் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற நீர்ப்பொறி வையுங்கோ.

அச்சுவேலி:
ஒரிபிஸ் தட்டு (நடுவில் துளை உள்ள தட்டு) வைச்ச இடங்களில் வர்க்கமூலக் கோளாறுதான் கூட. ஓட்டம் தட்டின் இரண்டு பக்க அமுக்க வேறுபாட்டின் வர்க்கமூலத்தோட போகுது, அதை ஒருக்கால்தான் எடுக்க வேணும். டிரான்ஸ்மிற்றரிலும் (வேறுபாட்டை அளந்து 4 இலிருந்து 20 மில்லி அம்பியராய் அனுப்புறது) வர்க்கமூலம், புளோ கொம்பியூட்டரிலும் (அதை ஓட்டமாய்க் கணக்கிடுறது) வர்க்கமூலம் போட்டால் 50 வீத ஓட்டத்தை 71 என்று காட்டும். இரண்டிலும் போடாட்டி 25. சோதிக்கிறது லேசு: அமுக்க வேறுபாட்டை வீச்சின் 25 வீதத்துக்குக் குடுங்கோ. 8 மில்லி அம்பியர் வந்தால் டிரான்ஸ்மிற்றர் நேர்கோட்டில் இருக்கு, 12 வந்தால் அங்கேயே வர்க்கமூலம் எடுக்குது.

குறைந்த ஓட்ட வெட்டையும் (இதுக்குக் கீழ வந்தால் பூச்சியமாய் எடு என்ற எல்லை) கவனியுங்கோ. அமுக்க வேறுபாட்டின் 1 வீதத்தில் வெட்டு வைச்சால் 10 வீத ஓட்டத்துக்குக் கீழ எல்லாம் பூச்சியம். அடுப்பு ஒன்று மட்டும் எரியிற நேரத்துக் காஸ் முழுக்க கணக்கில் இல்லாமல் போகும்.

எஞ்சின் உறிஞ்சிறதால ஊசி ஆடினால் டாம்பிங்கை (வாசிப்பின் ஆட்டத்தைச் சமப்படுத்திற செற்றிங்) கூட்டுற பழக்கம் இருக்கு. அது ஆட்டத்தை மறைக்கும், பிழையைக் குறைக்காது. ஆடுற வேறுபாட்டின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் உண்மைச் சராசரி ஓட்டத்தை விடக் கூடத்தான் வரும். எஞ்சினுக்கு முன்னால் ஒரு இடைத்தாங்கி வைக்கிறதுதான் மருந்து.

கோண்டாவில்:
தம்பி சொன்ன டாம்பிங் விசயம் சரியான முக்கியம். மொட்பஸ் (மீற்றரின் இலக்கங்களை வயரால வேற கருவிக்கு அனுப்புற முறை) பற்றியும் ஆக்கள் கேட்கினம், சுருக்கமாய்: வேகமும் பரிற்றியும் (பிழை சோதிக்கிற பிற்) இரண்டு பக்கமும் ஒன்றாய் இருக்க வேணும், வயரின் இரண்டு அந்தத்திலும் 120 ஓம். இலக்கம் வருது, ஆனால் தலைகால் இல்லாமல் வருது என்றால் தசம எண்ணின்ர இரண்டு றெஜிஸ்டரும் முன்பின்னாய் வாசிக்கப்படுது. வரிசையை மாத்திப் பாருங்கோ. மீற்றரின் மணிக்கூட்டை இலங்கை நேரத்துக்கு, +5:30 இல், வையுங்கோ.

சாவகச்சேரி:
உப்புக் காற்றும் ஐதரசன் சல்பைட்டும் செப்பு முனையளைக் கறுக்க வைக்கும். வயர் நுழையிற கிளாண்ட் கீழ்ப்பக்கம் பார்க்க வேணும். மூடியைத் திறக்க முதல் கரண்டை நிப்பாட்டி, கசிவு பாருங்கோ. காற்றில் மீதேன் 5 இலிருந்து 15 வீதம் வரை இருந்தால் வெடிக்க ஒரு தீப்பொறி போதும். எதையும் மாத்த முதல் பழைய செற்றிங் முழுக்க, மொத்த வாசிப்போட சேர்த்து, திகதி போட்டு எழுதி மூடிக்கு உள்ளேயே ஒட்டி விடுங்கோ.