ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பெடல் தரைக்குப் போனது: ஒயிலா, மாஸ்டர் சிலிண்டரா?

பழையலொறி:
நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்பாவின் 1989 காரில் ஐந்து பேருடன் நுவரெலியாவிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கியிருக்கிறார். ரம்பொடையில் பெடல் தரைவரை போய்விட்டது. பம்ப் பண்ணியும் வரவில்லை, ஹேண்ட் பிரேக்கால் நிறுத்தியிருக்கிறார். இருபது நிமிடம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி. அதற்கு நம் மெக்கானிக் கம்பளைபாஸ் ஒரே வரியில் “மாஸ்டர் சிலிண்டர் போச்சு, மாத்துங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற சிலிண்டர் அது. காரைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் தானாகக் குணமாகிற சிலிண்டரை என் 31 வருட ஓட்டத்தில் நான் கண்டதில்லை. கொதித்தது பிரேக் ஒயில். டொட் 3 என்கிற ரக ஒயில் புதிதாக இருந்தால் 205 பாகை வரை தாங்கும். ஈரம் இழுத்த பழசு 140 பாகையிலேயே கொதிக்கும். ஆவி அமுங்கும், பெடல் இறங்கும். ஆறினால் திரும்ப வரும்.

கம்பளைபாஸ்:
லொறி ஓட்டினாலே பாஸ் ஆகலாம் என்று தெரியாமல் இத்தனை வருடம் கையில் கிரீஸோடு நின்றுவிட்டேன். உள்ளே ஒயிலை அடைக்கிற ரப்பர் வாஷர் தேய்ந்த சிலிண்டரும் அப்படித்தான் ஐயா. ஒரு மிதியில் போகும், அடுத்த மிதியில் வரும்.

பழையலொறி:
அடுத்த மிதியில் வரும், சரி. இவருக்கு இருபது நிமிடம் கழித்துத்தானே வந்தது? இருபது நிமிடம். வாசித்தீர்களா, இல்லையா?

தேயிலைக்கொழுந்து:
எந்தக் கியரில் இறங்கினார் என்று யாராவது கேட்டீர்களா? இரண்டாம் கியரில் வந்திருந்தால் என்ஜினே காரைப் பிடித்திருக்கும், இந்தச் சண்டையே இல்லை. இங்கே பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கொழும்புக்காரன்:
நியூட்ரலில் விட்டால் மிச்சம்தானே?

பழையலொறி:
காலிமுகத்திடலில் விடுங்கள், மிச்சம் வரும். இன்ஜெக்‌ஷன் கார் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோலே போகாது. நியூட்ரலில்தான் குடிக்கும்.

கொழும்புக்காரன்:
1989 காரில் இன்ஜெக்‌ஷன் இல்லாமல் பழைய கார்பரேட்டராக இருந்தால்? அதையும் கேட்காமல்தானே நீங்களும் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

பழையலொறி:
நான் பேசுவது பிரேக்கைப் பற்றி. இருபது நிமிடத்தைப் பற்றி.

அப்பாவின்கார்:
நான்தான் அந்தக் கார்க்காரன். நாலாம் கியரில்தான் வந்தேன். ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கே நினைவில்லை. இன்று என்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை அமர்த்திப் பிடித்தேன், மெல்ல இறங்கின மாதிரியும் இருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை ஹட்டனுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஓடலாமா?

கம்பளைபாஸ்:
இறங்கியதா? அப்படியென்றால் வாஷரைத் தாண்டி ஒயில் போகிறது. மாஸ்டர் சிலிண்டர். நான் முதல் நாளே சொன்னேன்.

பழையலொறி:
“மாதிரி” என்றார் பாஸ், “மாதிரி”. ஸ்டார்ட் பண்ணும்போது மிதிக்கு உதவுகிற பூஸ்டர் இழுத்தாலும் பெடல் கொஞ்சம் இறங்கும். சரி, மெல்லத்தான் இறங்கியது என்றே வைப்போம். பழைய சிலிண்டரில் பெடல் வழக்கமாகப் போகாத கடைசித் துண்டில் துருவும் அழுக்கும் இருக்கும். ஒயில் கொதித்துப் பெடல் தரைக்குப் போனபோது வாஷர் அதில் உரசிக் கிழிந்திருக்கும். முதலில் கொதித்தது, பிறகுதான் கிழிந்தது.

கம்பளைபாஸ்:
ஆக, சிலிண்டர் போயிருக்கிறது. நன்றி ஐயா.

பழையலொறி:
கிழிந்த வாஷர் இருபது நிமிடம் ஆறவைத்தால் தன்னையே தைத்துக்கொள்ளுமா? போன வருடம் என் மருமகனின் வேனில் பிரேக் லைனிலிருந்து காற்று எடுத்துக் கொடுத்தீர்களே, ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதை மாற்றச் சொன்னீர்களா?

கம்பளைபாஸ்:
அந்த வேனின் கடைசித் தவணை இன்னும் வரவில்லை. அதையும் இங்கேயே எழுதட்டுமா?

தேயிலைக்கொழுந்து:
தம்பி, ஒயிலை மாற்றி, சிலிண்டரையும் கழற்றிப் பார்க்கும்வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பஸ்ஸில் போங்கள்.

கொழும்புக்காரன்:
ஹட்டன் பஸ்ஸா? அதைவிட அந்தக் காரே பரவாயில்லை.

தேயிலைக்கொழுந்து:
எந்த பஸ்ஸில் ஏறினீர்கள் நீங்கள்? என் அண்ணன் 12 வருடமாக அந்த ரோட்டில்தான் ஓட்டுகிறார்!

அப்பாவின்கார்:
டொட் 3 இருந்த காரில் டொட் 4 ஊற்றலாமா? யாராவது சொல்லுங்களேன்.

பழையலொறி:
ஊற்றலாம் தம்பி, அது பிறகு. பாஸ் இன்னும் இருபது நிமிடத்துக்குப் பதில் சொல்லவில்லை.