ஆக்சலாட்டல் நாலு நாளா சாப்பிடல, செவுள் முன்னாடி வளையுது

மெல்போர்ன்ல இருக்கேன். கடையில 'மெக்சிகன் வாக்கிங் ஃபிஷ்'னு சொல்லிக் கொடுத்தாங்க. அது மீனே இல்ல, தண்ணியிலயே வாழுற ஒரு வகை சாலமாண்டர்னு (தவளை மாதிரி நீர்நில உயிரி) வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது. வாங்கி 3 வாரம். 12 செ.மீ. நீளம், 90 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

மண்புழுவை வாய்கிட்ட கொண்டுபோனாலே மூஞ்சியைத் திருப்பிக்குது. வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கு. பூஞ்சை எதுவும் இல்லை.

போன வார வெயில்ல தண்ணி 24 டிகிரி. ஃபேன் வெச்சு, ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டு 18க்கு இறக்கிட்டேன். அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25. தொட்டியை முதல்லயே சைக்கிள் பண்ணணும்னு, அதாவது கழிவுல வர்ற அம்மோனியா, நைட்ரைட்டை மாத்துற பாக்டீரியாவை வளர்த்துட்டுதான் விலங்கை விடணும்னு, யாரும் சொல்லல. குளோரின் நீக்கி தினமும் 20 சதவீதம் தண்ணி மாத்துறேன், ரெண்டும் இறங்கல.

சைக்கிள் ஆகுறவரை தனி டப்புல வெச்சு தினமும் முழுத் தண்ணியும் மாத்தவா, இல்ல இதே தொட்டியில விடலாமா?