காலடிப்பேட்டையில் பதிந்தது யாருடைய காலடி?

வழிப்போக்கன்:

சென்ற வாரம் என் அத்தையை விமான நிலையத்திலிருந்து திருவொற்றியூருக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. சாமான்கள் அதிகமில்லை என்பதால் வாடகைக் காரைத் தவிர்த்துவிட்டு மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினோம். சென்னையின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை வண்டி மாறாமல் போய்விடலாம் என்பது ஒரு வசதி. நிலையத்தின் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் அத்தை அதற்கொரு பெயர்க்காரணம் சொல்லிக்கொண்டே வந்தது, கட்டணத்தில் சேராத இன்னொரு வசதி. தேனாம்பேட்டையில் ஒரு காலத்தில் தேன் சந்தை நடந்தது என்று அவர் அடித்துச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

வண்ணாரப்பேட்டைக்கும் சுங்கச்சாவடிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்து வந்த காலடிப்பேட்டையில்தான் சிக்கல் எழுந்தது. ஆதிசங்கரர் பிறந்த ஊர் காலடி, அவர் திருவொற்றியூருக்கு வந்து வட்டப்பாறை அம்மனின் உக்கிரத்தைத் தணித்தார், ஆகவே அவர் நினைவாக இந்தப் பெயர் வந்தது என்றார் அத்தை. எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர்தான், எனவே இது பட்டினத்தாரின் காலடி பட்ட பேட்டை என்று மறுத்தார். வண்டி தேரடி நிலையத்தை அடையும் வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:

இருவருக்கும் ஏமாற்றமாக இருக்கும். அந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்தவர் துறவியல்லர். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுப்பதற்காகத் திருவொற்றியூருக்கு அருகில் நெசவாளர்களைக் குடியேற்றிய அவர், அதற்குத் தம் பெயரையே வைத்துக்கொண்டார். காலெட் பேட்டை நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. காலெட் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

ஆனால் பக்திக் கதையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலில் வழங்கும் கதை இது: காலெட்டிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதராஜரைச் சேவித்துவிட்டே வேலைக்கு வருவார், ஒருநாள் ஆளுநர் அவரைச் சோதிக்க எண்ணி, இந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கிறது என்று கேட்டார், இருந்த இடத்திலிருந்தே வீரராகவர் சொன்ன விடை, ஆளனுப்பி விசாரித்தபோது சரியாக இருந்தது, வியந்துபோன ஆளுநர் அவருக்காக இங்கேயே ஒரு வரதராஜரை எழுந்தருளச் செய்தார். எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை ரயில் இல்லாத காலத்தில் ஒருவர் தினமும் போய்வந்தார் என்பதை நான் அப்படியே ஏற்கவில்லை. இருந்தாலும் ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் பெயரைப் பேட்டையிலும், அவரைப் பற்றிய கதையைப் பெருமாள் கோயிலிலும் ஒருசேர வைத்திருக்கும் இடம் சென்னையில் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் பயணம் செய்த வட பகுதி முழுவதுமே துணி வணிகத்தின் வரைபடம்தான். கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்ததே பருத்தித் துணிக்காக என்பதால், தொலைவிலுள்ள ஊர்களை நம்பியிராமல் கண்ணுக்கெட்டும் இடத்தில் தறிகளை அமர்த்துவது அதற்கு ஆதாயமாக இருந்தது. நெய்த துணியைக் கப்பலேற்றும் முன் வெளுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமா என்ற வணிகரின் தோட்டம் இருந்த இடத்தில் மேலும் ஒரு நெசவாளர் குடியிருப்பு தோன்றியது. அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படித் திரிந்தது என்பர்.

தொண்டித்துறை:

இதே வழித்தடத்தில் எங்கள் பக்கத்துப் பெருமை ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, சென்னைக்கு வந்து தங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைத்தனர். அவர் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டை, அதாவது தண்டையார்பேட்டை ஆனது. அவருடைய தர்கா இன்றும் அங்கே இருக்கிறது. ஆளுநர் பெயரில் ஒரு பேட்டை என்றால் பக்கத்திலேயே ஞானியின் பெயரில் ஒரு பேட்டை!

ஏட்டுச்சுவடி:

தொண்டித்துறை அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான், நாட்கணக்குத்தான் இடிக்கிறது. மஸ்தான் சாகிபு பிறந்தது 1792ஆம் ஆண்டு, மறைந்தது 1838ஆம் ஆண்டு. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய மூன்று ஊர்களும் கம்பெனியின் கைக்கு வந்தது 1693இல். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வாங்கிய ஊர்களின் பட்டியலில் தண்டையார்பேட்டை இடம்பெற்றுவிட்டது. தொண்டியிலிருந்து வந்த ஒருவர், முன்பே ஏறக்குறைய அந்த ஓசையில் பெயர் கொண்டிருந்த ஊரில் வந்து தங்கியிருக்கிறார். பிற்காலத்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எந்தப் பெயர்க்காரணம் கேட்டாலும், முதலில் அந்தப் பெயர் எந்த ஆண்டில் ஏட்டில் தென்படுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பாதிக் கதைகள் அந்தப் படியிலேயே இடறி விழுந்துவிடும்.

தொண்டித்துறை:

கோபமில்லை. 1693 என்ற ஆண்டை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை மட்டும் தாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசிப்பெட்டி:

வடக்கு முனையான விம்கோ நகரை யாரும் தொடவில்லையே. கேட்பதற்கு ஏதோ வெளிநாட்டுக்காரரின் பெயர் போலத் தோன்றினாலும், அது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்த இடம். தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்கு இது வடக்கத்திப் பங்காளி.

தியாகராயா கல்லூரி நிலையத்தைப் பற்றியும் ஒரு சொல். கல்லூரிக்குப் பெயரான பிட்டி தியாகராயரின் பெயரில்தான் நகரின் மறுபுறத்தில் தி.நகரும் இருக்கிறது. நீதிக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான அவர், நெசவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த வடசென்னைக்காரர். தி.நகர் என்பதில் உள்ள 'தி' யார் என்று கேட்டால், திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் என்று சொல்பவர்கள் ஏராளம். போதாக்குறைக்குத் திருவொற்றியூர்க் கோயிலில் எழுந்தருளியிருப்பவரும் தியாகராஜர் என்பதால், இந்த வழித்தடத்தில் குழம்புவதற்குத் தாராளமாக இடமுண்டு.

மதிலோரம்:

மெட்ரோவில் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி நடந்தால், என் மனத்துக்கு மிகவும் பிடித்த பெயர் ஒன்று கிடைக்கும். ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆன கதையை இங்கே யாராவது கொண்டுவருவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைக் கேட்காத சென்னைவாசி இனி பிறந்தால்தான் உண்டு.

நிலையத்தின் பக்கவாட்டில் வடக்கு நோக்கிச் செல்லும் சாலையின் இன்றைய பெயர் வ.உ.சி. சாலை, பேச்சுவழக்கில் இன்னமும் வால்டாக்ஸ் ரோடு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. 1767இல் மைசூர்க் குதிரைப்படை நகரின் விளிம்பு வரை வந்துவிட்டுப் போனது. கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் என்று வழங்கப்பட்ட பகுதி, அதாவது பின்னர் ஜார்ஜ் டவுன் ஆன பகுதி, காவலின்றிக் கிடப்பதைக் கண்டு அதைச் சுற்றி மதில் எழுப்பக் கம்பெனி முடிவு செய்தது. குத்தகை எடுத்துக் கட்டியவர் பால் பென்ஃபீல்ட். பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெருஞ்செல்வம் சேர்த்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். மதிலுக்கான செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமிருந்து வரியாக வசூலிக்கலாம் என்று திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள், அப்படி வரி விதிக்கச் சட்டத்தில் இடமுண்டா என்ற கேள்வியும் எழுந்தது, கடைசி வரை அந்த வரி வசூலாகவே இல்லை.

வசூலாகாத வரிக்கு ஒரு சாலை கிடைத்தது. மதில் போய்விட்டது, கம்பெனி போய்விட்டது, சாலைக்கு வேறு பெயரும் சூட்டியாயிற்று. ஆட்டோக்காரரிடம் 'வால்டாக்ஸ் ரோடு' என்று சொன்னால்தான் மறுகேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்புகிறார். மதிலின் ஒரு துண்டு மட்டும் பழைய சிறைச்சாலைச் சாலைப் பக்கம் மிஞ்சியிருக்கிறது. 1957இல் அதன்மேலேயே பூங்கா அமைத்து, மாடிப் பூங்கா என்று பெயரிட்டார்கள். படியேறி நின்று பார்த்தால் அது மொட்டை மாடிபோலத்தான் இருக்கும் என்பதால், இந்தத் திரியில் பேசப்பட்ட பெயர்களுள் விளக்கமே வேண்டாத பெயர் அதுதான்.

வழிப்போக்கன்:

அனைவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்ன ஆண்டுச் சோதனையை அத்தையின் மற்ற இரண்டு விளக்கங்களுக்கும் செய்து பார்க்க ஆசை. நந்தனம் என்பது இராஜாஜி வைத்த பெயர் என்றார். ஆயிரம் விளக்கு மசூதியை ஆற்காட்டு நவாப் உம்தத்துல் உமரா கட்டினார் என்றார்.

ஏட்டுச்சுவடி:

முதலாவதில் அத்தைக்கு முழு மதிப்பெண். புதிதாக உருவான குடியிருப்புக்குப் பெயர் கேட்டபோது, அப்போது நடந்துகொண்டிருந்த தமிழ் ஆண்டின் பெயரையே இராஜாஜி சொல்லிவிட்டார் என்பது வழக்கில் உள்ள செய்தி. நந்தன ஆண்டு பிறந்தது 1952 ஏப்ரலில். அவர் முதலமைச்சராகப் பதவியேற்றதும் அதே மாதத்தில். இந்திரனின் நந்தவனம் என்று பொருள் கொண்டாலும் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, இரண்டும் பொருந்துகின்றன. அடுத்த ஆண்டில் கேட்டிருந்தால் அங்கிருப்பவர்கள் எல்லாரும் விஜயத்தில் குடியிருப்பதாக முகவரி எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது அவ்வளவு எளிதன்று. முகரம் மாதத்தில் ஷியா முஸ்லிம்கள் கூடும் மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால் வந்த பெயர் என்பதில் குறையொன்றுமில்லை. ஆனால் உம்தத்துல் உமரா 1810இல் மசூதியைக் கட்டினார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்; அவரோ 1801 ஜூலையிலேயே காலமாகிவிட்டார். ஆண்டு தவறா, ஆள் தவறா என்பதை அத்தையிடமே விட்டுவிடுகிறேன்.