ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போன அனுபவங்கள்

கணக்கு டீச்சர், திருவட்டாறு பக்கம்:

ஏழு, எட்டாம் வகுப்புக்கு வந்ததும் பல பிள்ளைகள் கை தூக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். பதில் தெரியாமல் இல்லை, தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான் என்ற பயம். வெளியே கூட்டிப்போய் அங்கேயும் நாமே பேசிக்கொண்டிருந்தால் இது மாறாது. கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

1966-ல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே தண்ணீர் கொண்டுபோகிறது, 28 தூண்கள், உயரம் 115 அடி. பஸ்ஸில் இவ்வளவுதான் சொன்னேன். பாலத்துக்கு அடியில் இறங்கியதும் நாலு நாலு பேராகப் பிரித்து, ஒரு மீட்டர் கம்பும் டேப்பும் கொடுத்து, குழுவுக்கு ஒரு தூண் என்று விட்டுவிட்டேன். ஒரே நேரத்து வெயிலில் கம்புக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதம்தான் தூணுக்கும்: கம்பின் நிழல் 80 செ.மீ., தூணின் நிழல் 20 மீட்டர் என்றால் தூண் 25 மீட்டர். புத்தகத்தில் வடிவொத்த முக்கோணம் என்று வருவது இதுதான்.

முதலில் நிழல் எங்கே முடிகிறது என்பதிலேயே சண்டை. தூணின் நிழலோடு தொட்டியின் நிழலும் சேர்ந்து விழுகிறதே, எதுவரை அளப்பது? வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வாதாடினார்கள். அப்புறம் பார்த்தால் எந்தக் குழுவுக்கும் 115 அடி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளுக்கு முகமே வாடிவிட்டது. அப்போது கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "டீச்சர், மேல தொட்டி மட்டமாத்தானே போகணும்? தரைதான் ஆத்தப் பாத்துச் சரியுது. ஆத்துக்குள்ள நிக்கதுதான் 115 இருக்கும், நம்ம தூணு குட்ட" என்றான். உடனே மூன்று பேர் அடுத்த தூணை அளக்க ஓடினார்கள். எனக்கு அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம்.

போகிறவர்கள் மட்டமான தரையில் நிற்கும் தூணாகப் பார்த்துக் கொடுங்கள். சரிவில் நிழலின் நீளமே மாறிவிடும். சாரல் காலத்தில் வெயிலை நம்ப முடியாது.

அறிவியல் ஆசிரியர், நாகர்கோவில்:

டீச்சர் சொல்வது ரொம்பச் சரி. நான் ஆறாம் வகுப்பைத் தேரூர் குளத்துக்குக் கூட்டிப்போவேன். 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது, பாதிப் பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பறவைப் பெயர்களை நான் முதலில் சொல்வதில்லை. இரண்டு பேருக்கு ஒரு பறவை, அரை மணி நேரம் அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுத வேண்டும். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியைப் பார்த்த ஒரு பெண், "சார், உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு விரல் நீளம். அதான் இல முங்கல" என்று எழுதிக்கொண்டு வந்தாள். எடை பரவுவதைப் பற்றிய பாடத்தை மறுநாள் அவளே எடுத்தாள்.

வலசைப் பறவைகளையும் பார்க்க நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலை 7 மணிக்கெல்லாம் கரையில் இருங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகளுக்கும் பொறுமை போய்விடும். இருநோக்கி இரண்டு என்னிடம் உண்டு. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் கேட்டால் தருகிறேன்.