எலும்பு மஜ்ஜை ஊசி வடிவமைப்பு: மருத்துவர்கள், ஆய்வகத்தினரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எலும்பு மஜ்ஜை மாதிரி எடுக்கும் ஊசியை மேம்படுத்தும் முயற்சியில் இருக்கும் உயிர்மருத்துவப் பொறியாளர் நான். இதற்கென 1971-இல் அறிமுகமான ஜம்ஷிதி ஊசியின் முனை சற்றே குறுகி, உட்துளை அகன்றிருப்பதால், உள்ளே ஏறும், மஜ்ஜை அடங்கிய எலும்புத் துண்டு பெரும்பாலும் நசுங்காமல் தங்குகிறது. அதை வெளியே எடுப்பதில்தான் சிக்கல்: துண்டின் அடிப்பகுதி எலும்போடு ஒட்டியே இருப்பதால், ஊசியைச் சுழற்றியும் அசைத்தும் முறிக்க வேண்டியிருக்கிறது, அப்படியும் சில வேளைகளில் ஊசி வெறுமையாக வர, நோயாளி இன்னொரு முறை குத்தப்படுகிறார். மரத்துப்போக ஊசி போட்டாலும் அது எலும்பின் மேலுறையோடு நின்றுவிடுகிறது, உள்வலியைத் தடுப்பதில்லை என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

துண்டைப் பற்றி முறிக்கும் மெல்லிய உட்குழாய் ஒன்றைப் பொருத்த எண்ணுகிறேன். ஆனால் அதுவே இடத்தை அடைத்துத் துண்டை நசுக்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். இடுப்பெலும்பில் 11 கேஜ் (ஊசியின் தடிமனைக் குறிக்கும் அளவு) ஊசியைக் கையாளும் மருத்துவர்கள், துண்டு எந்தக் கட்டத்தில் நழுவுகிறது என்று சொல்ல இயலுமா? நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்குச் சேதம் துண்டின் முனையில் மிகுதியாகத் தெரிகிறதா, பக்கவாட்டிலா? முதியவர்களின் மெலிந்த எலும்பை ஒத்த சோதனைப் பொருளை அறிந்தவர்களும் அன்புகூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.