லெ பூஸ் மலைக்கு எளிய வழி: பெத்தி வெர்ஜே பக்கமா போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எபேன்வாசி

அப்பா போன மே மாசம் ஊர்லேருந்து இங்கே மொரீசியஸுக்கு வந்திருந்தார். அறுபது தாண்டினவர், சர்க்கரை உண்டு. ஆனா ஆயுசு முழுக்க வயல்ல நடந்த கால். எங்க வீட்டு ஜன்னல்ல தெரியிற லெ பூஸை, அதான் கட்டைவிரல் மலையைப் பார்த்துட்டு, அங்க கூட்டிட்டுப் போன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டார். பக்கத்துல நிக்கிற பீட்டர் போத் மலை கயிறு இல்லாம ஆகாது, அந்தப் பேச்சே வேண்டாம். லெ பூஸ் 812 மீட்டர். தலைநகர் போர்ட் லூயிஸ் பக்கம் ஏறினா கிட்டத்தட்ட கடல் மட்டத்துலேருந்து முழு உயரமும் கால்லதான் ஏறணும். மோக்கா பக்கம் மேட்டு நிலம், நல்ல உயரம் காரே ஏத்திடுது. அதனால பெத்தி வெர்ஜே கரும்புக்காட்டு வழி. உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாதை, விவரிக்கலை.

கணவாய் வரைக்கும் அப்பா எனக்கு முன்னாடி போனார். கீழே துறைமுகத்தையும் ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலையும் பார்த்து ஒவ்வொண்ணா விசாரிச்சார். கடைசிப் பாறைக்கு வந்ததும் நின்னுட்டார். நான் மேல நின்னு "வலது காலை அந்தப் பொந்துல வைங்கப்பா"ன்னு சொல்றேன், அவருக்குப் பொந்து தெரியலை.

அப்போ மேலேருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தாங்க. ரப்பர் பூட்ஸ், தலையில துணிக்கட்டு, முதுகுல சாக்கு நிறைய சின்னச் சிவப்புக் கொய்யா, இங்கே கோயாவ் தெ ஷின் சொல்றாங்களே அது. அப்பாவைவிட பத்து வயசாவது மூத்தவங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. சாக்கை இறக்கி வெச்சாங்க, அப்பா பக்கத்துல குந்தினாங்க, ரெண்டு கையாலயும் அவர் கணுக்காலைப் பிடிச்சு பொந்துல வெச்சாங்க. "தூஸ்மாங், தூஸ்மாங்." மெதுவா, மெதுவா. அப்பா பதறிப்போய் காலை இழுத்துக்கிட்டு "அம்மா, காலைத் தொடாதீங்க தாயி"ன்னார். தமிழ் புரிஞ்சுதோ இல்லையோ, சிரிச்சுக்கிட்டே மறுபடியும் பிடிச்சாங்க. அடுத்த பொந்து, அடுத்த பொந்துன்னு உச்சி வரைக்கும் அப்படியேதான். மேல வந்ததும் அப்பா கையில ஒரு பிடி கொய்யாவைக் கொட்டினாங்க. அவர் மூச்சு வாங்கி முடிக்கிறதுக்குள்ள இறங்கி, நகரத்துப் பக்கப் பாதையில போயிட்டாங்க.

அப்பா இப்போ ஊர்ல இருக்கார். எப்போ போன் பண்ணாலும் பேச்சு அங்கதான் வந்து நிக்கும். "நான்டா அந்தம்மா கால்ல விழுந்திருக்கணும்"ங்கிறார். அவங்களை யாருக்காவது தெரியுமா?

த்ராங்கபார்க்காரன்

நான் போர்ட் லூயிசில் பிறந்தவன். தமிழைப் பள்ளியில் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொய்யாப் பருவத்தில் எங்கள் பகுதியிலிருந்து பல மூதாட்டிகள் மலைக்குப் போவார்கள். பறித்ததைச் சந்தையில் விற்பார்கள், ஊறுகாயும் போடுவார்கள். நீங்கள் சொல்லும் அம்மையார் யாரென்று நான் விசாரிக்கிறேன். படம் இருந்தால் இங்கே போட வேண்டாம்.

ஆனால் எங்கள் பக்கத்து வழியை இப்படி ஒதுக்குவது சரியில்லை. 1836 மே மாதம் பீகிள் கப்பல் இங்கே நின்றபோது சார்லஸ் டார்வின் இதே மலையில் ஏறினார். அவரும் நகரத்தை ஒட்டி நிற்கும் மலையென்றுதான் இதை எழுதிவைத்தார். எங்கள் பாதையில் நிழல் உண்டு. உங்கள் கரும்புக்காட்டில் மரம் வரும்வரை தலைக்கு மேல் வெயில்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணவாயில் மேகம் இறங்கியிருந்தது. என் கை எனக்குத் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது கொலுசுச் சத்தம் கேட்டது. சிறு பிள்ளையின் கொலுசு. கீழிருந்து வந்தது, என்னைக் கடந்தது, பிறகு பாதை இல்லாத பக்கமாகப் போகத் தொடங்கியது. நான் பிரெஞ்சில் கூப்பிட்டேன், இங்குள்ள கிரியோல் மொழியில் கூப்பிட்டேன். கொலுசு நிற்கவில்லை. கொலுசு என்றால் நம்மவர்களாக இருக்கலாம் என்று தோன்றி, "நில்லுங்க!" என்று கத்தினேன். நின்றது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தந்தையின் தோளில் பெண் குழந்தை, பின்னால் தாய். அவர் கால் வைத்திருந்த இடத்துக்கு அப்பால் வெறும் புல், அதற்கப்பால் ஒன்றுமில்லை. "பெத்தி வெர்ஜே வழி சுலபம் என்று சொன்னார்கள்" என்றார். வேலைக்காக வந்து சில மாதங்களே ஆனவர்கள். இப்போதும் எங்கே கொலுசுச் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

எபேன்வாசி

அண்ணே, உங்க பக்கத்தைக் குறை சொல்லலை. வயசானவரோட போறப்போ எது தோதுன்னுதான் எழுதினேன். விசாரிக்கிறேன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி.

குவாத்ர் போர்ன் அக்கா

என் கதை சின்னது. இறங்கும்போது என் சின்னவன் வழுக்கி ஒரு செடியைப் பிடிச்சான், அதுக்குள்ள மூஷ் ஜோன் கூடு. மஞ்சக் குளவி. கண்ணு மூடுற அளவுக்கு வீங்கிடுச்சு. எதிர்ல ஓடி வந்த ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, தன் தண்ணி முழுசையும் அவன் முகத்துல ஊத்திட்டு, தனக்கு ஒரு சொட்டு இல்லாம மலை ஏறிப் போயிட்டா. அவ குடிக்க என்ன பண்ணாளோன்னு இன்னும் நெனைப்பேன்.

ஆனா எபேன் தம்பிக்கும், இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சிலது சொல்லியே ஆகணும்.

மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க. அந்தச் செம்மண் நனைஞ்சா எந்தச் செருப்பும் பிடிக்காது, ஏறுறதைவிட இறங்குறதுதான் ஆபத்து. காலை ஆறு ஆறரைக்கு நடக்க ஆரம்பிச்சிடுங்க. பொழுது ஏற ஏற உச்சியில மேகம் உக்காந்துக்கும், த்ராங்கபார்க்காரர் சொன்ன நிலைமை அப்போதான் வரும். மேகம் வந்துட்டா இருந்த இடத்துலயே உக்காருங்க, விலகும். ஜூன், ஜூலையில ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும். சாயங்காலம் போய் சூரியன் மறையிறதைப் பார்த்துட்டு இறங்கலாம்னு கிளம்புற பிள்ளைங்களைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

கரும்பு விஷயத்தை யாரும் சொல்றதில்லை. பயிர் ஆள் உயரம் நிக்கும்போது நடுவுல மலையே தெரியாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வண்டிப்பாதை. ஜூன் கடைசியிலேருந்து வெட்ட ஆரம்பிச்சாங்கன்னா போன தடவை பார்த்த அடையாளம் ஒண்ணும் இருக்காது, லாரி வேற வரும். அது ஆளுங்க பாடுபடுற நிலம். கரும்பை ஒடிக்காதீங்க, வண்டியைப் பாதையை மறிச்சு நிறுத்தாதீங்க. கார் இல்லாதவங்க செயின்ட் பியேர் வரைக்கும் பஸ்ல வரலாம், அங்கேருந்து நடைதூரம் கூடும், அதையும் கணக்குல வைங்க.

ஆளுக்கு ஒண்ணரை லிட்டர் தண்ணி. சர்க்கரை இருக்கிறவங்க பையில வாழைப்பழமோ பிஸ்கட்டோ வெச்சுக்கணும். டால் பூரியைக் காலங்காத்தால நாலு முழுங்கிட்டு ஏறாதீங்க, இறங்கி வந்து நிம்மதியா சாப்பிடுங்க. போன்ல சார்ஜ் இருக்கட்டும், ஆம்புலன்ஸுக்கு 114. கை வெக்கிற இடத்தைப் பார்த்து வைங்க, பாறையானாலும் செடியானாலும். அப்புறம் ஒண்ணு: எங்க ஊர் கோர் தெ கார்த் மலை முருகனுக்கு வருஷா வருஷம் வெறுங்கால்ல காவடி எடுக்கிறவங்கதானே, மலை என்ன பண்ணும்னு பெரியவங்களைச் செருப்போட கூட்டிட்டு வராதீங்க. கோவில் படி வேற, இந்தப் பாறை வேற. நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுத்துட்டு அப்புறம் கூப்பிடுங்க.

அப்பாவைக் கணவாயோட நிறுத்தியிருந்தாலும் ஒரு குறையும் இல்லை தம்பி. பாதிக்குப் பாதி பேர் அங்கயே உக்காந்து பார்த்துட்டு வர்றாங்க.

மோர்ன் பக்கத்து சமையல்காரன்

நான் தெற்கே ஒரு ஹோட்டல் அடுப்படியில வேலை பாக்கறேன், சொந்த ஊரு மதுரைப் பக்கம். எளிய மலைன்னா எங்களுக்கு லெ மோர்ன்தான். 556 மீட்டர், முதல் பாதி அகலமான வண்டிப்பாதை, நடைப்பயிற்சி மாதிரி போயிரலாம். அப்புறம்தான் நாலு காலும் வேணும். சிலுவை நட்ட இடத்தோட பாதை முடிஞ்சுரும், உச்சி அதுக்கும் மேல, அங்க விடமாட்டாங்க.

லீவு நாள்ல கூட வேலை பாக்கற பசங்களோட போனோம். வண்டிப்பாதை முடியிற இடத்துல வேலி ஓரமா ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். கிரியோல்காரர், நல்ல வயசு, வெள்ளைச் சட்டை, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சிருந்தார். நாங்க ஏறிப் போனப்பவும் நின்னார். இறங்கி வந்தப்பவும் அதே இடத்துல, அதே மாதிரி பாறையைப் பாத்துக்கிட்டே நின்னார். கூட வந்த பையன் ஒருத்தன், ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டான். அவர் சொன்னது: "எங்க ஆளுங்க இங்கேருந்து குதிச்சாங்க. அவங்க மேல நான் கால் வெக்கமாட்டேன். பாக்க மட்டும் வருவேன்."

அன்னைக்கு பிப்ரவரி 1. எங்களுக்கு அது அரசு விடுமுறை, அவ்வளவுதான் தெரியும். 1835-ல அடிமைத்தனம் ஒழிஞ்ச நாள் அதுன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். தப்பி ஓடிவந்து அந்தப் பாறை மேல ஒளிஞ்சிருந்தவங்க, விடுதலைச் சேதி சொல்ல வந்த ஆளுங்களைப் பாத்துப் பிடிக்கத்தான் வர்றாங்கன்னு நெனச்சுக் குதிச்சாங்கன்னு இந்தப் பக்கத்துச் சனங்க சொல்றாங்க. 2008-ல யுனெஸ்கோ உலக மரபிடமாச் சேத்ததும் அந்த நினைவுக்குத்தான். நம்மாளுங்களும் கப்பல்ல ஒப்பந்தம் போட்டு வந்து இங்க கரும்பு வெட்டினவங்கதான். அதனால எனக்கு அது ரொம்ப நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு. போறவங்க போங்க, நானும் மறுபடி போவேன். ஆனா அங்க பாட்டைச் சத்தமா வெச்சுக்கிட்டு ஏறாதீங்க.

சிலாவோஸ்வழி

பக்கத்துத் தீவான ரியூனியனிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் பாண்டிச்சேரி. லெ பூஸையும் மோர்னையும் வைத்துக்கொண்டு எளிது கடினம் என்று இவ்வளவு பேச்சா? எங்கள் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர். அதைக்கூட எளிதாக்க முடியும், ஆனால் வழியை மாற்றி அல்ல, பொழுதைப் பிரித்து. சிலாவோஸ் ஊர்ப் பக்கமிருந்து மதியத்துக்குள் காவேர்ன் துஃபூர் தங்குமிடம் வரை ஏறுங்கள், அது 2,478 மீட்டரில் இருக்கிறது. இரவு அங்கே படுத்து, விடியலுக்கு முன் தலைவிளக்கோடு உச்சிக்குக் கிளம்புங்கள். படுக்கைக்கு வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் உறைபனி இருக்கும், மொரீசியஸ் குளிருக்கு வாங்கிய சட்டை போதாது.

அந்தத் தங்குமிடத்தில் என் பக்கத்துப் படுக்கையில் ஒரு தாத்தா. இரவெல்லாம் இருமினார். மூன்று மணிக்கு எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார், காலணியைக் கட்டினார், விளக்கை மாட்டினார், வாசல் வரை வந்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டி, "உன்னுடையது மங்கலாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உச்சியில் சூரியன் எழும்போது மலையின் நிழல் கூம்பாக மேகத்தின் மேல் விழுந்து கிடந்தது. அதை அவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியவர் அவர்தான்.

குவாத்ர் போர்ன் அக்கா

தம்பி, உங்க தாத்தா செஞ்சது பெரிய காரியம். ஆனா உயரத்தை வெச்சு மட்டம் தட்டாதீங்க. வீட்டுல சமைச்சு வெச்சுட்டு, மத்தியானத்துக்குள்ள திரும்பி வந்து பிள்ளைங்களைப் பார்க்கிற பொம்பளைக்கு ராத்தங்கல் எப்படி எளிசாகும்? எனக்குக் காலையில போய்க் காலையிலயே திரும்பற மலைதான் எளிசு.

சிலாவோஸ்வழி

அது நியாயம் அக்கா. அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை.

ரோஸ் ஹில் புதியவள்

இதையெல்லாம் படிச்சுட்டுக் கேக்கறேன். இந்த ஞாயிறு நாங்க மூணு பொண்ணுங்க, வேலைக்கு வந்தவங்க, பெத்தி வெர்ஜே வழியா போறதா இருக்கோம். நேத்து ராத்திரி மோக்கா பக்கம் நல்ல மழை. போகலாமா?

த்ராங்கபார்க்காரன்

இன்று வியாழன். இனி மழை இல்லாமல் வெள்ளியும் சனியும் வெயில் அடித்தால் போகலாம். சனி மாலை பெய்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். நானும் என் தங்கையும் ஞாயிறு காலை அந்தப் பக்கமாகத்தான் ஏறுவோம், நான் சொன்ன வெயிலைக் கண்டே தீர வேண்டும் என்கிறாள் அவள். ஆறே காலுக்குக் கரும்புக்காட்டு முகப்பில் நிற்போம். தண்ணீர் மறக்க வேண்டாம்.